முதல் காப்பியை யார் பிரிப்பது

கூரியர்காரர் பார்சலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எர்ணாகுளத்தில் இருந்து ப்ரூஃப் காப்பி வந்திருந்தது. புத்தகத்தை எழுதிய தாசையன் மாமா அப்போது என் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கத்தரிக்கோலை எடுத்து டேப்பை வெட்டப் போனேன். மாமா இரண்டு கையாலும் பார்சலை மூடிக்கொண்டார்.

“பிரிக்காத மக்களே.”

“ஏன் மாமா? உங்க புத்தகம்தானே.”

“அதனாலதான் சொல்லுகேன். முதல் சாதனம் கர்த்தருக்குள்ளது. வாற ஞாயிறு எங்க சபையில அறுப்பின் பண்டிகை. இது இப்பிடியே படைக்கப் போவும்.”

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றது. ப்ரூஃப் காப்பி என்பது பிரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதற்காகவே வருகிற காப்பி. அதைப் பார்க்காமலே கோயிலில் வைத்துவிட்டால், எதைப் பார்த்து நான் அச்சுக்குச் சம்மதம் சொல்வது?

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, கல்யாணத்துக்குப் பிறகு நாகர்கோவில் கோட்டாறில் ஒரு சந்துக்குள் டி.டி.பி. கடை போட்டேன். இன்றைக்கும் கடையைத் திறந்து, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போடுவேன். கல்யாணக் கார்டு, நினைவு மலர், சபை அறிக்கை என்று ஓடிய கடையில் இப்போது பாதி வேலை புத்தகம்தான். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிறார்கள். வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் எழுதுகிறார்கள். முன்பெல்லாம் சொந்தமாகப் புத்தகம் போட்டால் ஆஃப்செட்டில் ஒரே தடவையாக அடித்து, விற்காத கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி, பிறகு வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒன்று கொடுத்து அனுப்ப வேண்டும். இப்போது பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்துவிட்டது. ஃபைலை ஒரு தடவை கொடுத்து வைத்தால், யார் எப்போது கேட்கிறார்களோ அவர்களுக்கு ஒரு காப்பி அடித்து அனுப்பிவிடுவார்கள். கேட்பதற்கு எளிது. எந்த சர்வீஸிடம் கொடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். அதை நான் சரியாகச் செய்வேன் என்று இன்று தைரியமாகச் சொல்வேன். அந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்தது இந்த ஒரு புத்தகம்.

மாமி கேட்டது

தாசையன் மாமா எனக்குச் சொந்தம் இல்லை. மாமா என்பது மரியாதைக்குக் கூப்பிடுவது. கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் கழிந்த காலத்தையும், கூட வேலை பார்த்தவர்களையும், மழையையும் அட்டைக்கடியையும் பற்றிக் கட்டுக்கட்டாக எழுதி ஒரு துணிப்பையில் கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி ரத்தினபாய் மாமியும் வந்தார். மாமியும் அதே தோட்டத்தில் பால்வாளி சுமந்தவர்.

மாமிக்குக் கண்ணில் பிரஷர். ஒரு கண்ணில் பார்வை முன்பே போய்விட்டது. மற்றக் கண்ணில் ஆபரேஷன் செய்ய ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். செய்யாவிட்டால் கட்டாயம் போய்விடும், செய்தாலும் எவ்வளவு மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ஆபரேசனுக்கு முன்ன நான் இத வாசிக்கணும் மக்களே,” என்றார் மாமி. “வேற ஒண்ணும் வேண்டாம்.”

“மாமா வாசிச்சுக் காட்டமாட்டாங்களா மாமி?”

“வாசிப்பாரு. என்னப் பத்தி வாற இடத்தில ரெண்டு பக்கம் தள்ளிப் போயிருவாரு. என்னத்த எழுதி வச்சிருக்காருன்னு எனக்க கண்ணால பாக்கணும்.”

“நல்லதுதான் எழுதியிருக்கேன்,” என்றார் மாமா.

“அதான் எனக்குப் பயம்.”

ஏ-ஃபோர் தாளில் பெரிய எழுத்தாக பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், உடனே வாசிக்கலாம் என்றேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. “தாள்தாளாட்டு கையில தந்தா பரிட்சைப் பேப்பர் திருத்தின மாதிரி இருக்கும். சபையில எல்லாரிட்டயும் இவரு புத்தகம் போடுகாருன்னு நான் சொல்லியாச்சு. புத்தகமாட்டு தா.”

மாமி கொண்டு வந்திருந்த பெரிய எழுத்து வேதாகமத்தைத் திறந்து, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் பிடித்து வாசிக்கிறார் என்று கவனித்தேன். பத்தொன்பது, இருபது பாயிண்டுக்குக் கீழே எழுத்து இருந்தால் மாமிக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைவெளேர் என்ற தாள் என்றால் கண் கூசிற்று. வேலை எனக்கு அப்போதே தெளிவாகிவிட்டது. இது ஒரே ஒரு வாசகருக்கான புத்தகம். மற்றவர்கள் வாங்கினால் அது மேலே கிடைக்கிற ஆசீர்வாதம்.

இதற்கிடையில் மாமாவுக்கு ஒரு போன் வந்தது. எங்கிருந்தோ நம்பர் பிடித்து, புத்தக பேக்கேஜ் விற்கிற ஆள் ஒருவர். மாமா போனை ஸ்பீக்கரில் போட்டு என் மேசையில் வைத்தார். அட்டை டிசைன் இலவசம், விருதுக்கு அனுப்புவோம், இன்டர்நெட்டில் விளம்பரம் போடுவோம் என்று அந்த ஆள் அடுக்கிக்கொண்டே போனார். “சார், உங்க புக் உலகம் முழுக்கப் போகும் சார்.”

மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “உலகம் முழுக்கப் போவட்டும். எங்க வீட்டு அடுக்களைக்குப் போவுமா? எனக்க பெஞ்சாதி அங்கயாக்கும் இருந்து வாசிப்பா.”

அந்த ஆள் மறுபடி போன் செய்யவில்லை.

மூன்று சாம்பிள்கள் மலைக்குப் போயின

சர்வீஸ்களை வெப்சைட் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வெப்சைட்டில் எல்லாப் புத்தகமும் அழகாகத்தான் நிற்கும். சாம்பிள் காப்பி கேளுங்கள். தரமாட்டேன் என்பவரை அப்போதே விட்டுவிடலாம். நான் மூன்று இடத்தில் கேட்டு வாங்கினேன். ஒன்று, இணையத்தில் பெரிய அளவில் புத்தகம் விற்கிற கம்பெனியின் சர்வீஸ். இன்னொன்று சென்னையில் உள்ளது, மூன்றிலும் விலை குறைவு. மூன்றாவது எர்ணாகுளத்தில் ஒரு சின்ன நிறுவனம்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகளை முதலில் செய்தேன். தாளை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறதா? நடுவில் விரித்து மேசையில் வைத்தால் புத்தகம் விரிந்து கிடக்கிறதா, எலிப்பொறி மாதிரி மூடிக்கொள்கிறதா? எல்லாம் பர்ஃபெக்ட் பைண்டிங்தான், அதாவது தையல் கிடையாது, முதுகில் பசை மட்டும். அந்தப் பசை எது என்பதில்தான் காரியம் இருக்கிறது. அப்புறம் தமிழ் எழுத்து. ஒரு பக்கம் தமிழ் ஃபைல் அனுப்பி அடித்துத் தரச் சொன்னேன். சில மெஷீனில் ஃபாண்ட் எம்பெட் ஆகாமல், அதாவது ஃபைலோடு சேர்ந்து போகாமல், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விடும். மூன்று பேரும் அதில் பாஸ்.

பிறகு மாமாவிடம் மூன்றையும் கொடுத்தேன். “வீட்டுக்குக் கொண்டு போங்க மாமா. பீரோவுக்குள்ள வைக்காதீங்க. அடுக்களையில போட்டு வையுங்க. மாமி எடுத்துப் புரட்டட்டும்.”

மாமாவின் வீடு கீரிப்பாறைக்குச் சற்றுக் கீழே. மழைக்காலத்தில் அங்கே உப்பு தண்ணீராகிவிடும், தீப்பெட்டி பற்றாது. கோட்டாறு கடையில் நல்லபடியாக நிற்கிற புத்தகம் அங்கே நிற்குமா என்று தெரிய வேண்டியிருந்தது. அடுத்த மாதம் தோட்டத்து பஸ்ஸில் வந்து இறங்கிய மாமா பையைத் திறந்தார்.

பெரிய கம்பெனிப் புத்தகத்தின் அட்டை, உலர்த்தப் போட்ட ரப்பர் ஷீட் மாதிரி சுருண்டிருந்தது. சென்னைப் புத்தகத்தில் நடுப் பக்கங்கள் கொத்தாகக் கழன்று வந்தன. எர்ணாகுளத்துப் புத்தகத்தில் மஞ்சள் கறை இருந்தது, அது மாமியின் கைச் சாம்பார். மற்றபடி அட்டை நேராக நின்றது. பக்கம் கழலவில்லை. தாளும் இளமஞ்சள், மாமிக்குக் கண் கூசவில்லை.

“அவளுக்கு இதுதான் பிடிச்சிருக்கு,” என்றார் மாமா. “மத்த ரெண்டையும் அடுப்புப் பக்கம் தள்ளி வச்சிட்டா.”

எர்ணாகுளத்தில் விலை கொஞ்சம் கூடுதல். ஆனாலும் அவர்களையே எடுத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. நான் போன் பண்ணினால் அங்கே மனுஷர் எடுக்கிறார். ஷாஜி என்று பெயர். மற்ற இரண்டு இடத்திலும், ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஏதாவது கோளாறு வரும் நாளில் நம்மோடு பேச ஆள் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கோளாறு கட்டாயம் வரும்.

பெரிய டிரிம் சைஸ், அதாவது பெரிய பக்கம், இருபது பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி என்று ஃபைல் செய்து அனுப்பினேன். ப்ரூஃப் வந்தது. அதைத்தான் மாமா பிரிக்க விடவில்லை.

பிரிக்காத பார்சல்

வேறு யாராவது என்றால் இது என்ன மூட வழக்கம் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல நா வரவில்லை. எங்கள் வீட்டிலும் முதல் குலை, முதல் தேங்காய், கோழி இட்ட முதல் முட்டை எல்லாம் கோயிலுக்குத்தான். நான் கடை போட்டு முதலில் வாங்கிய கூலியை எண்ணிப் பார்க்காமல் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். மாமா கல்யாணம் ஆன வருஷத்தில் இருந்து சொந்த மரத்தின் முதல் ரப்பர் ஷீட்டைத் தன் கையால் மடித்துக்கூடப் பார்க்காமல் படைக்கிறவர். அவருக்கு இந்தப் புத்தகம் இந்த வருஷத்து முதல் விளைச்சல்.

“நீ கம்ப்யூட்டர்ல முழுசும் பாத்தியே மக்களே,” என்றார். “அது போராதா? சம்மதம்னு அமுக்கு. காப்பி சீக்கிரம் வந்தா அவளும் வாசிச்சிருவா.”

“பாக்காம அமுக்கமாட்டேன் மாமா. தப்பா வந்தா மாமிக்கு வேற நாள் கெடையாது.”

“கர்த்தருக்குன்னு வச்சதுல தப்பு வருமா?”

“அடிச்சது மெஷீன் மாமா.”

மாமா பார்சலைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் பிடித்த பிடியை விடமாட்டார் என்று தெரிந்தது. நான் ஷாஜிக்குப் போன் செய்து இன்னொரு ப்ரூஃப் கேட்டேன். ஆர்டர் குவிந்து கிடக்கிறது, பண்டிகை கழிந்துதான் கிடைக்கும் என்றார். அதில் ஒரு குறை இருந்து, திருத்தி, மறுபடி அடித்து வருவதற்குள் மாமியின் ஆபரேஷன் நாள் வந்துவிடும். அப்போதுதான் ஒன்று தோன்றியது. அறுப்பின் பண்டிகையில் படைத்த பொருளை எல்லாம் ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம்.

“மாமா, ஏலத்தில நான் இத எடுத்தா பிரிச்சுப் பாக்கலாமா?”

மாமா துணிப்பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். “ஏலம் எடுத்தவங்களுக்குச் சொந்தம். பிறகு அதில எனக்கு ஒரு சொல்லும் இல்ல.”

ஏலம்

அந்த ஞாயிறு எங்கள் சபையில் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் மாமாவின் சபைக்குப் போனோம். வாழைக்குலை, பலா, சேனை, காலைக் கட்டிய சேவல், ரப்பர் ஷீட் எல்லாம் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே டேப் ஒட்டிய பழுப்பு நிறப் பார்சல். ஏலம் சொன்னவர் வாழைக்காய் வியாபாரி ஞானதாஸ். குரலுக்கு மைக் தேவையில்லாத ஆள். குலைகளை முடித்து, சேவல்களை முடித்து, பார்சலைத் தூக்கிப் பிடித்தார்.

“இது நம்ம தாசையன் அண்ணன் எழுதின புத்தகம். உள்ள என்ன இருக்குன்னு எழுதினவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூவாது, கொத்தாது. யாரு கேக்குதா?”

நான் கேட்டேன். பின்னால் பெண்கள் பக்கத்தில் இருந்து இன்னொரு குரல் கூட்டிக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ரத்தினபாய் மாமி.

ஞானதாஸுக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடைத்திருக்காது. “ஏன் மாமி, வீட்டுக்காரரு எழுதினத வீட்டில கேட்டா சும்மா தரமாட்டாரா?”

“தந்தாரா? பார்சலத் தொடக்கூட விடல்ல. பொன்னு மாதிரி தலைமாட்டில வச்சிட்டுல்லா படுத்தாரு.”

சபை முழுக்கச் சிரிப்பு. மாமா கோயில் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேலே கேட்கவில்லை. மாமியோடு போட்டி போடுகிற காரியமா அது? ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி ஞானதாஸ் பார்சலை மாமியின் கையில் கொடுத்தார். மாமி அங்கேயே நின்று டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

புத்தகம் பார்க்க நன்றாக இருந்தது. எல்லாரும் கிட்டே வந்தார்கள். மாமி திறந்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். எட்டப் பிடித்தார். பந்தலை விட்டு வெயிலுக்கு வந்து சாய்த்துப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“வரிவரியா கோடு போட்டிருக்கு,” என்றார். “எழுத்து எங்க?”

நான் வாங்கிப் பார்த்தேன். பக்கத்தைச் சுற்றிலும் அகலமாக வெள்ளை. நடுவில் என் இருபது பாயிண்ட் எழுத்து பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. எனக்கு வாசிக்க முடிந்தது. அங்கே நின்ற யாருக்கும் வாசிக்க முடிந்திருக்கும். மாமிக்குத்தான் முடியவில்லை.

மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். “பழுதுள்ளதக் கொண்டு வச்சிட்டேனே மக்களே. இத்தன வருசத்தில இப்பிடி வச்சதில்ல.”

எனக்கு வேத சாஸ்திரம் படிக்க வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்த வார்த்தை கர்த்தர் கொடுத்தது என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

“மாமா, அந்தக் காலத்தில பலிக்கு ஆட்டக் கொண்டு வந்தா அப்பிடியே வச்சிட்டா போனாங்க? குருடா, முடமா, புண்ணு இருக்கான்னு ஆசாரியன் தடவிப் பாத்துல்லா எடுத்தான். நல்லா இருக்கான்னு பாக்கிறது அவமரியாதை இல்ல மாமா. பாத்து வைக்கிறதுதான் மரியாதை. ப்ரூஃப்னா அந்த ஆட்டத் தடவிப் பாக்கிறதாக்கும்.”

மாமா தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். “அப்போ நான் வச்சதுக்கு?”

“நீங்க மனசோட வச்சீங்க. அவரு எடுத்துக்கிட்டாரு. மாமி ஏலம் எடுத்தாச்சு. நான் இன்னும் சம்மதம் அமுக்கல்ல. கெட்டது ஒண்ணும் நடக்கல்ல மாமா, நாள் இருக்கு.”

திரைக்கு அளவு கிடையாது

திங்கள்கிழமை ஷாஜியைப் பிடித்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் காப்பியின் நம்பரைப் பார்த்து, மெஷீன்காரரிடம் விசாரித்துவிட்டுச் சொன்னார்.

“சேச்சி, அன்னிக்கு ஓடினதெல்லாம் சின்ன சைஸ் புத்தகம், வேற செட்டிங் ஆணு. ஃபிட் டு பேஜ் போட்டு குறைச்சு வச்சிருந்து. உங்களோட ஃபைலும் அதில கேறி சுருங்கிப் போயி. ஸ்க்ரீன்ல பார்த்தப்போ சரியா இருந்தல்லோ.”

“ஸ்க்ரீன்ல எல்லாம் பெருசாத்தான் தெரியும் ஷாஜி. அங்க அளவு ஏது?”

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பி.டி.எஃப். திரையில் எந்த அளவிலும் நிற்கும். கையில் வருகிற காகிதத்துக்குத்தான் உண்மையான அளவு. அன்றைக்கு நான் ஃபைலின் கடைசிப் பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு சேர்த்தேன். அடித்த தாளில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், கோடு ஒரு நூல் குறைந்தாலும் அனுப்பாதீர்கள் என்று ஷாஜியிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், தர்க்கம் பண்ணவில்லை. தானே நின்று ஒரே ஒரு காப்பி அடித்து, கோட்டின் மேல் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு காப்பிக்காக மெஷீனை நிறுத்திச் செட்டிங் மாற்றுகிற சர்வீஸைத்தான் சர்வீஸ் என்பேன்.

கூரியரை நான் நம்பவில்லை. நாகர்கோவில் வருகிற பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னேன். காலையில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி, அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். கோட்டை அளந்தேன். சரியாக இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பக்க எண் ஒழுங்கு பார்த்து, முதுகைத் திருகிப் பார்த்தேன். அப்புறம்தான் கீரிப்பாறை பஸ் ஏறினேன்.

யானைப் பக்கம்

மாமி அடுக்களை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை மடியில் வைத்து விரித்தார். அது விரித்தபடியே கிடந்தது. முதல் வரியில் விரலை வைத்து, உதடு அசைய வாசித்தார். ஒரு வரி, அடுத்த வரி. விரல் நிற்காமல் போனது. மாமா கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

நான் ஒரு டம்ளர் சாயா குடித்து முடிக்கும் வரை மாமி வாசித்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கங்களைத் தள்ளித் தள்ளி எதையோ தேடினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“இஞ்ச வாருங்க.”

மாமா வரவில்லை.

“ஆன வந்த அன்னைக்கு நான் வாளியப் போட்டுட்டு அலறி ஓடினேனா?”

“அப்பிடியா எழுதியிருக்கு?” என்றார் மாமா வெளியில் நின்றபடியே.

“நான் வாசிக்கேன், கேளுங்க. ‘என் மனைவி பால் வாளியைக் கீழே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினாள். நான் அசையாமல் நின்று சத்தமிட்டு யானையை விரட்டினேன்.’ ஏன் மனுசா, வாளியப் பிடிச்சிட்டு நின்னது யாரு? ரப்பர் மரத்தில ஏறப் பாத்து வழுக்கி விழுந்து முட்டுப் பேந்தது யாரு?”

“அது கதைக்கு ஒரு இது வேணும்லா.”

“ஆனைக்குத் தெரியும் யாரு ஓடினதுன்னு. கோயில்ல கொண்டு படைச்சதில இப்பிடிப் பொய்ய எழுதி வச்சிருக்கீங்களே. எழுத்து சுருங்கிப் போனது இதுக்காட்டுதான்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமாவும் கடைசியில் சிரித்துவிட்டார். முழங்காலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து என்னிடம் கேட்டார்.

“மக்களே, இத மாத்த இனி ஒக்குமா?”

“ஒக்கும் மாமா. சம்மதம் அமுக்கலேல்லா. அமுக்கின பிறகும் மாத்தலாம், அடுத்து அடிக்கிற காப்பியில இருந்து சரியா வரும்.”

ஆஃப்செட்டில் அடித்திருந்தால் கட்டு முழுவதிலும் மாமி ஓடிக்கொண்டே இருந்திருப்பார். ஃபைலில் மாற்றினால் போதும் என்பது இந்த முறையின் பெரிய வசதி. ஆனால் எல்லா சர்வீஸும் அதை எளிதாக விடமாட்டார்கள். திருத்தம் செய்யக் கட்டணம், காத்திருப்பு, மறு அனுமதி என்று இழுப்பார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நான் ஷாஜியிடம் கேட்டு வாங்கியிருந்தேன்.

மாமி தினமும் வெளிச்சம் இருக்கும் வரை வாசித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வாரத்தில் புத்தகத்தை முடித்தார். திருத்தங்களை மாமா போனில் சொல்வார், பின்னாலிருந்து மாமியின் குரல் வரும், “அப்பிடியில்ல, ஒழுங்காச் சொல்லுங்க” என்று. யானைப் பக்கம் மாறியது. மாமி கல்யாணத்துக்கு உடுத்த சேலையின் நிறம் மாறியது. ஒரு பழைய சண்டையில் யார் முதலில் பேசினார் என்பதை மட்டும் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. அது அவர் எழுதியபடியே இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் சம்மதத்தை அமுக்கினேன்.

இப்போது என் கடையில் ஒரு முறை வைத்திருக்கிறேன். எந்த மதத்துக்காரர் வந்தாலும் முதலிலேயே கேட்டுவிடுவேன், முதல் காப்பியை எங்கே கொண்டு வைப்பீர்கள் என்று. அய்யா வழிப் பதியில் வைப்பேன் என்பார் ஒருவர், அம்மன் கோயிலில் சந்தனம் தொட்டு வைப்பேன் என்பார் ஒருவர். அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். ப்ரூஃப் நாம் பழுது பார்க்க வந்தது. நாம் சம்மதம் சொன்ன பிறகு வருகிறதே, அதுதான் முதல் காப்பி, அதைப் பிரிக்காமல் கொண்டு வையுங்கள். இதுவரை யாரும் மறுத்துப் பேசவில்லை. சர்வீஸைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒன்றையே கேட்கிறேன். இந்தப் புத்தகத்தை முதலில் வாசிக்கப் போகிறவர் யார், எங்கே உட்கார்ந்து வாசிப்பார், அவர் கண் எப்படி இருக்கும். அதற்குப் பதில் தெரிந்தால் தாள், எழுத்து, பசை, சைஸ் எல்லாம் தானாகத் தெரியும். விலையைக் கடைசியில் பாருங்கள்.

மாமியின் ஆபரேஷன் கர்த்தருடைய கிருபையால் வேறு கெடுதல் இல்லாமல் முடிந்தது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிகிறது. வாசிக்கிற பார்வை திரும்பவில்லை. சாயங்காலங்களில் இப்போது மாமாதான் வாசித்துக் காட்டுகிறார். போன மாதம் நான் போயிருந்தபோதும் வாசித்துக்கொண்டிருந்தார். யானைப் பக்கம் வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. மாமி பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்த இடத்த மட்டும் சத்தமாட்டு வாசியுங்க,” என்றார்.